ஊதாமல் போன பழைய ரயில்: மாதிரி எஞ்சினின் ஒலியைத் திருத்துவது எப்படி?

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் எம்மவரின் வீடுகளுக்குப் பழைய லயனல் மாதிரி ரயில்கள் பல வழிகளில் வந்துசேர்கின்றன. கராஜ் சேலில் ஒரு மட்டைப்பெட்டிக்குள் கிடக்கும். வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகும் அயலவர், "உங்கள் பிள்ளைகள் விளையாடட்டும்" என்று தந்துவிட்டுப் போவார். புதிதாக வாங்கிய வீட்டின் நிலக்கீழ் அறையில் முன்பிருந்தவர்கள் விட்டுச்சென்றதாகவும் இருக்கும். தண்டவாளத்தைப் பூட்டி மின்சாரம் கொடுத்தால் எஞ்சின் பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் ஊதல் வராது.

அப்போது பலரும் இரண்டிலொன்றைச் செய்கிறார்கள். ஒன்று, "சத்தம் செத்துவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள். மற்றது, திருப்புளியை எடுத்துக்கொண்டு ஊதல் இருக்கும் பெட்டியைப் பிரிக்கத் தொடங்குகிறார்கள். இரண்டும் அவசரம். ஊதல் என்பது சுவரிலுள்ள மின்செருகியில் தொடங்கிக் காற்றில் முடியும் ஒரு நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால், ஊதற்பெட்டியைத் திறக்கவேண்டிய தேவையே பல வேளைகளில் வராது. இதை நான் ஒரு பிழை செய்துதான் படித்தேன்.

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் அயலில் வசிக்கும் முதியவர் ஒருவர் தன்னுடைய ரயிலை என்னிடம் தந்தார். அவருடைய தகப்பனார் இத்தாலியிலிருந்து வந்து தொழிற்சாலையொன்றில் வேலை செய்த 1950களில், சம்பளத்தில் மிச்சம் பிடித்து மகனுக்கு வாங்கிக் கொடுத்தது. எஞ்சின் ஓடியது, ஊதவில்லை. ஊரில் றேடியோ திருத்திய பழக்கம் இருந்த துணிவில் நான் நேரே பெட்டியைத் திறந்தேன். உள்ளிருந்த றிலேயைக் கழற்றும்போது அதன் சுருளின் மயிரிழைக் கம்பி அறுந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெட்டிக்குள் எந்தப் பழுதும் இருக்கவில்லை. பழுது மின்மாற்றியில் இருந்தது. அறுந்த கம்பியைத் தேடிப் பிடித்து மீண்டும் பற்றாசு வைக்க எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. ஒருவருடைய தகப்பன் வாங்கிக் கொடுத்த பொருளைக் கையில் எடுக்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்பது அன்று விளங்கியது.

ஊதல் வந்த கதை

லயனல் நிறுவனத்தை 1900ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஜோஷுவா லயனல் கோவன். 1877இல் பிறந்த இவர், ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதப் பெற்றோரின் பிள்ளை. நிறுவனத்தின் பெயரே அவருடைய நடுப்பெயர்தான். 1935இல் லயனல் ரயில்களில் காற்று ஊதல் அறிமுகமாயிற்று. பொருளாதார மந்தத்தின் நடுவே, ஓடும் ரயிலைத் தொடாமலே தொலைவிலிருந்து ஊதவைக்கலாம் என்பது அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய அதிசயம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இவை அமெரிக்க, கனேடிய வீடுகளில் பெருமளவில் பரவின. இன்று எம் கைக்கு வருபவை பெரும்பாலும் அந்தக் காலத்தவையே.

இவற்றை அடையாளம் காண்பது எளிது. தண்டவாளத்தில் மூன்று தண்டுகள் இருக்கும். நடுத்தண்டு ஒரு மின்முனை, வெளித்தண்டுகள் மற்ற மின்முனை. ஊதல் எஞ்சினுக்குள் இருப்பதில்லை. எஞ்சினுக்குப் பின்னால், நிலக்கரியும் தண்ணீரும் சுமப்பதாகக் காட்டப்படும் கரிப்பெட்டிக்குள் இருக்கும். கரிப்பெட்டியின் இலக்கத்தின் பின்னால் 'டபிள்யூ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால், உதாரணமாக 2046 டபிள்யூ, 6466 டபிள்யூ என்று இருந்தால், அது ஊதல் பூட்டப்பட்ட பெட்டி. அந்த எழுத்து இல்லாத பெட்டிக்குள் பெரும்பாலும் ஊதல் இருக்காது.

ஒலி எப்படி உண்டாகிறது

கரிப்பெட்டிக்குள் ஒரு சிறிய மோட்டர் இருக்கிறது. அது ஒரு விசிறியைச் சுழற்றுகிறது. விசிறி தள்ளும் காற்று, இரண்டு சிறிய அறைகளின் வாய்களில் மோதிச் செல்கிறது. இரண்டு அறைகளும் வெவ்வேறு சுரத்தில் ஒலிப்பதால், நீராவி எஞ்சினின் ஊதலைப்போல இரட்டைச் சுரம் பிறக்கிறது. இதில் ஒலிபெருக்கியும் இல்லை, பதிவு செய்த சத்தமும் இல்லை. புல்லாங்குழலைப்போலக் காற்றுத்தான் பாடுகிறது.

அப்படியானால் ஓடும் ரயிலுக்கு "இப்போது ஊது" என்று எப்படிச் சொல்வது? எஞ்சினுக்குப் போகும் அதே இரண்டு மின்முனைகளைத் தவிர வேறு கம்பி இல்லையே. லயனலின் பொறியியலாளர்கள் கண்ட வழி மிகவும் கெட்டித்தனமானது. ரயில் ஓடுவது ஆடலோட்டத்தில். ஊதல் பிடியைத் தள்ளும்போது அந்த ஆடலோட்டத்தோடு கொஞ்சம் நேரோட்டம் கலக்கிறது. கரிப்பெட்டியிலுள்ள றிலே, ஆடலோட்டத்துக்கு அசையாமல் நேரோட்டத்துக்கு மட்டும் இழுபடும்படி செய்யப்பட்டது. அதன் இரும்பு மையத்தில் ஒரு செப்பு வளையம் போட்டிருப்பதே இதன் இரகசியம். நேரோட்டம் வந்ததும் றிலே இழுபட்டுத் தொடுமுனைகள் சேர்கின்றன, மோட்டருக்கு மின்சாரம் போகிறது. பிடியை விட்டதும் எல்லாம் நின்றுவிடுகிறது. எஞ்சினின் மோட்டர் இரண்டு வகை ஓட்டத்திலும் ஓடக்கூடியதால் ரயில் தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே சங்கிலி இதுதான்: மின்மாற்றி, அதிலுள்ள ஊதல் பிடி, தண்டவாளம், கரிப்பெட்டியின் கீழுள்ள உருளை, றிலே, மோட்டர், விசிறி, காற்றறை. இந்த ஒழுங்கிலேயே சோதிக்கவேண்டும்.

முதலில் பாதுகாப்பு

பழைய ரயிலில் உண்மையில் ஆபத்தான பொருள் ஒன்றுதான்: மின்மாற்றி. ரயில் ஓடுவது இருபது வோல்ற் அளவுக்குள். ஆனால் மின்மாற்றிக்குள் நுழைவது வீட்டு மின்சாரம். எழுபது வருடப் பழைய றப்பர் மேலுறை காய்ந்து வெடித்து, உள்ளே செப்பு தெரியும் கம்பிகளை நான் பலமுறை கண்டிருக்கிறேன். செருகுமுன் மின்கம்பியை முழு நீளத்துக்கும் கையால் வளைத்துப் பாருங்கள். எங்காவது வெடிப்புத் தெரிந்தால் செருகவே வேண்டாம். அந்தக் கம்பியை மாற்றும் வேலையை மின்வேலை தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்த மின்மாற்றிகள் வட அமெரிக்காவின் 110 முதல் 120 வோல்ற் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டவை. 230 வோல்ற்றில் செருகினால் எரிந்துபோகும். வோற்றளவைக் குறைக்கும் கருவி ஒன்றின் ஊடாகவே கொடுக்கவேண்டும். அந்தக் கருவியின் வலுவும் போதுமானதாக இருக்கவேண்டும். லயனலின் பெரிய இசட்-டபிள்யூ மின்மாற்றி 275 வாற் வரையும், கே-டபிள்யூ 190 வாற்றும், சிறிய 1033 வகை 90 வாற்றும் கொண்டவை. மேலும், அங்குள்ள மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், வட அமெரிக்காவில் 60. வோற்றளவைக் குறைக்கும் கருவி இதை மாற்றாது. 50 ஹேர்ட்ஸில் பழைய மின்மாற்றி கூடுதலாகச் சூடாகும். எனவே நீண்ட நேரம் ஓடவிடாதீர்கள்.

ஆள் இல்லாத அறையில் மின்மாற்றியைச் செருகியபடி விடாதீர்கள். பழைய பற்றாசிலும் சில பழைய பூச்சுகளிலும் ஈயம் இருக்கலாம். வேலை செய்யும் மேசையில் சாப்பிடவேண்டாம். முடிந்ததும் கையைக் கழுவுங்கள். சிறுபிள்ளைகள் பார்க்கலாம், ஆனால் பற்றாசுப் புகைக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது.

முதற்படி: பழுது எந்தப் பக்கம்?

பெட்டியைத் திறக்காமலே, பழுது மின்மாற்றியிலா கரிப்பெட்டியிலா என்று அறிய ஒரு சுலபமான சோதனை உண்டு. 12 வோல்ற் நேரோட்டம் தரும், குறைந்தது 3 அம்பியர் தாங்கக்கூடிய ஒரு மின்வழங்கியை எடுங்கள். அதன் ஒரு முனையைக் கரிப்பெட்டியின் அடியிலுள்ள நடு உருளையிலும், மற்றதைச் சில்லிலும் பிடியுங்கள். எந்த முனை எதில் என்பது முக்கியமில்லை. றிலே நல்ல நிலையில் இருந்தால் 'டிக்' என்று இழுபட்டு ஊதல் உடனே ஒலிக்கும். சில விநாடிகளுக்கு மேல் பிடிக்கவேண்டாம்.

ஊதினால், கரிப்பெட்டி சுகமாக இருக்கிறது. பழுது மின்மாற்றியில் அல்லது தண்டவாளத்தில். ஊதாவிட்டால்தான் கரிப்பெட்டியைத் திறக்கும் நியாயம் வருகிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையை அன்று செய்திருந்தால் அந்தக் கம்பி அறுந்திருக்காது.

மின்மாற்றியைச் சோதிக்க மல்ரிமீற்றர் போதும். அதை நேரோட்ட வோல்ற்றில் வைத்து, ஒரு முனையை நடுத்தண்டிலும் மற்றதை வெளித்தண்டிலும் பிடியுங்கள். தண்டவாளத்தில் எஞ்சினோ ஒரு சிறிய மின்குமிழோ சுமையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அளவீடு ஏமாற்றும். பிடியைத் தள்ளாதபோது நேரோட்டம் ஏறத்தாழப் பூச்சியமாக இருக்கும். தள்ளும்போது சில வோல்ற் ஏறவேண்டும். ஏறவில்லையென்றால் ஊதல் பிடியின் தொடுமுனைகளோ, அதனோடுள்ள சீராக்கியோ பழுது.

பழைய மின்மாற்றிகளில் சீராக்கி என்பது செப்பு ஒட்சைட்டுத் தகடு. காலப்போக்கில் அது தன் வலுவை இழக்கிறது. இப்போது பலரும் அதன் இடத்தில் 25 முதல் 35 அம்பியர் தாங்கும் சிலிக்கன் இருவாயி ஒன்றைப் பூட்டுகிறார்கள். மலிவானது, நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இதற்கு மின்மாற்றியைத் திறக்கவேண்டும். செருகியைக் கழற்றாமல் அதன் மூடியைத் தொடவேகூடாது. பழக்கமில்லாதவர்கள் இதைத் தாங்களே செய்யாமல் இருப்பது நல்லது.

பிடியைத் தள்ளும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. முதலில் றிலேயை இழுக்கப் பலமான நேரோட்டமும், இழுத்தபின் அதைப் பிடித்து வைத்திருக்கக் குறைந்த நேரோட்டமும் போகும்படி பிடி அமைக்கப்பட்டிருக்கிறது. பாதியில் நிறுத்தி வைத்திருந்தால் சீராக்கி தேவையில்லாமல் சூடாகும். பிடியை முழுவதும் தள்ளவேண்டும். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஊதும்போது ரயில் மந்தமாகிறதா? ஊதலின் மோட்டரும் மின்சாரம் குடிப்பதால் கொஞ்சம் மந்தமாவது இயல்பு. இதை ஈடுசெய்யவே பெரிய மின்மாற்றிகளில் ஊதல் பிடியோடு சேர்ந்து ஏறத்தாழ 5 வோல்ற் கூடக் கொடுக்கும் சுற்று வைத்திருக்கிறார்கள். ரயில் நின்றேவிட்டால் தண்டவாளப் பொருத்துகளைப் பாருங்கள். கறள் பிடித்த ஊசிப் பொருத்துகள் மின்சாரத்தை மறிக்கும். தண்டின் மேற்பகுதியைத் துணியில் ஐசோபுறோப்பைல் அற்ககோல் தொட்டுத் துடையுங்கள். இரும்புப் பஞ்சு வேண்டாம். அதன் துகள்கள் எஞ்சினின் காந்தத்திலும் மோட்டரிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் படி: உருளையும் றிலேயும்

நேரோட்டச் சோதனையில் ஊதல் வரவில்லையென்றால் இப்போது கரிப்பெட்டியைத் திறக்கலாம். திறக்குமுன் கைபேசியால் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு திருகாணியையும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதி ஒரு முட்டைப்பெட்டியின் குழிகளில் வையுங்கள்.

முதலில் உருளையிலிருந்து றிலேக்கு வரும் கம்பியைப் பாருங்கள். மேலுறை உடைந்து தகரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் குறுஞ்சுற்று. அறுந்திருந்தால் மின்சாரமே இல்லை. நெகிழக்கூடிய புதிய கம்பி போடுங்கள், ஏனென்றால் சில்லுத் தொகுதி வளைவுகளில் திரும்பும்போது கம்பியும் திரும்பவேண்டும். மற்ற மின்முனை சில்லுகள் வழியாகவும், சில்லுத் தொகுதியைப் பெட்டியோடு இணைக்கும் ஆணி வழியாகவும் வருகிறது. அந்த ஆணி கறள் பிடித்தால் ஊதல் விட்டு விட்டு வரும்.

அடுத்தது றிலே. நேரோட்டம் கொடுக்கும்போது இழுபடும் சத்தம் கேட்டும் மோட்டர் சுற்றவில்லையென்றால், தொடுமுனைகள் கறுத்திருக்கின்றன. தடித்த வெள்ளைக் கடதாசித் துண்டொன்றை அற்ககோலில் நனைத்து முனைகளுக்கிடையில் வைத்து, மெதுவாக அழுத்தி இழுங்கள். கடதாசி சுத்தமாக வரும்வரை செய்யுங்கள். அரம், உப்புத்தாள் என்று தொடங்கினால் முனைகள் தேய்ந்து இன்னும் விரைவில் கறுக்கும்.

இழுபடும் சத்தமே இல்லையென்றால் சுருளின் தொடர்ச்சியை மல்ரிமீற்றரால் பாருங்கள். தொடர்ச்சி இல்லாவிட்டாலும் உடனே கைவிடவேண்டாம். அறுவது பெரும்பாலும் சுருளின் உள்ளே அல்ல, பற்றாசு வைத்த முனையில். வெளிப்புற முனையாக இருந்தால் ஒரு சுற்றை மட்டும் அவிழ்த்து, மேற்பூச்சை மென்மையாகச் சுரண்டி, பற்றாசு பூசி, பழைய இடத்தில் ஒட்டலாம். நான் அறுத்ததையும் இப்படித்தான் திருத்தினேன். உருப்பெருக்கிக் கண்ணாடியும் கூரான சூட்டுக்கோலும் தேவை. பொறுமை அதைவிடக் கூடத் தேவை.

பிடியை விட்டபின்னும் ஊதல் நிற்கவில்லையா? அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, றிலேயின் அசையும் தகடு வளைந்து மையத்துக்கு மிக அண்மையில் நிற்கிறது அல்லது தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. தகட்டை மிகச் சிறிதளவு வெளியே வளைத்தால் சரியாகும். மற்றது, நீங்கள் பாவிப்பது சில புதிய மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஒன்று. அவற்றின் அலை சமச்சீராக இல்லாதபோது நேரோட்டம் கசிந்து பழைய றிலேயை இழுத்துவிடும். பழைய மின்மாற்றியில் வைத்துப் பார்த்தால் எது காரணம் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: மோட்டர்

இந்த இடத்தில் காதுதான் சிறந்த கருவி. ஊதல் வரும் விதத்தைக் கவனித்துக் கேளுங்கள்.

மெல்லத் தொடங்கி, உறுமி, உரிய சுரத்துக்கு ஏறாமல் நின்றால் மோட்டர் வேகம் எடுக்கவில்லை. மோட்டரின் இரைச்சல் நன்றாகக் கேட்டும் காற்று வரவில்லையென்றால் விசிறி தண்டில் வழுக்குகிறது அல்லது உடைந்திருக்கிறது. காற்று 'ஸ்ஸ்' என்று வந்தும் சுரம் இல்லையென்றால் காற்றறையில் கசிவு அல்லது வெடிப்பு. எதுவுமே இல்லையென்றால் காபன் தூரிகைகளைப் பாருங்கள்.

மோட்டர் வேகம் எடுக்காததற்கு மிகப் பொதுவான காரணம் காய்ந்துபோன பழைய எண்ணெய். அது பசைபோல இறுகித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். மேலுள்ள தாங்கியைப் பலரும் துடைக்கிறார்கள். காற்றறைக்குள்ளே, விசிறிக்குப் பக்கத்தில் இன்னொரு தாங்கி இருப்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டிலும் பழைய எண்ணெயைத் துடைத்து, மெல்லிய எண்ணெயில் ஒவ்வொரு துளி விடுங்கள். ஒரு துளி என்றால் ஊசி முனையில் நிற்கும் துளி. கூடினால் அது திசைமாற்றியில் வழிந்து, காபன் தூளோடு சேர்ந்து கறுப்புக் களியாகும். அதன்பின் மோட்டர் முன்பைவிட மோசமாக ஓடும்.

திசைமாற்றி என்பது தூரிகைகள் உரசும் செப்பு வட்டம். அதை அற்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து, செப்புத் துண்டுகளுக்கிடையிலுள்ள ஒடுங்கிய பிளவுகளைப் பல்லுக்குத்தும் குச்சியால் சுத்தப்படுத்துங்கள். அந்தப் பிளவுகளில் காபன் தூள் அடைந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று தொட்டு மோட்டர் வலுவிழக்கும். தூரிகைகள் மிகக் கட்டையாகத் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். இவற்றுக்கான உதிரிப்பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்பட்டு விற்கப்படுகின்றன. தூரிகையைத் தள்ளும் சுருள்வில் எண்ணெய்பட்டுத் துள்ளி ஓடிவிடும் இயல்புள்ளது. வெள்ளைத் துணியொன்றை விரித்து அதன்மேல் வேலை செய்தால் தேடவேண்டி வராது.

நான்காம் படி: காற்றறை

காற்றறையின் மூடிக்கும் உடலுக்கும் இடையில் காற்றுப் போகக்கூடாது. அங்குள்ள அடைப்புத் தாள் காய்ந்து சுருங்கினால் காற்று விளிம்பால் வெளியேறிவிடும். ஒட்டுமுன் ஒரு சோதனை செய்யலாம். ஒட்டும் நாடாவால் விளிம்பைச் சுற்றித் தற்காலிகமாக மூடி ஊதவிடுங்கள். சத்தம் தெளிந்தால் கசிவு அங்கேதான். பிறகு மெல்லிய தாளில் புதிய அடைப்பு வெட்டிப் போடலாம். பசையால் நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். அடுத்த முறை எண்ணெய் விட அதைத் திறக்கவேண்டிவரும்.

காற்று உள்ளே வரும் துவாரத்தையும் வெளியேறும் துவாரத்தையும் பாருங்கள். சிலந்திக்கூடு, கம்பள நார், நாய் மயிர் எல்லாம் அங்கே இருக்கும். ரயிலை நிலத்துக் கம்பளத்தில் ஓடவிடுவதை நிறுத்தினாலே பாதித் தொல்லை குறையும்.

போருக்கு முந்திய ரயில்களில் திருத்தவே முடியாத ஒரு பழுது உண்டு. அக்காலத்து நாக வார்ப்புலோகத்தில் ஈயம் போன்ற மாசுகள் கலந்திருந்தால், பல ஆண்டுகளில் அது உள்ளிருந்தே வீங்கி, வளைந்து, வெடித்துப் பொடியாகும். அப்படியான பாகத்தை ஒட்டிப் பயனில்லை. அதே அளவிலான வேறு பாகம் தேடுவதே வழி. திருகாணியை வலுவாக முறுக்கிப் பார்க்காமல் இருந்தால் அது இன்னும் சில காலம் நிற்கும்.

டீசல் எஞ்சினின் ஹோர்ண்

1948இல் லயனல், எஃப்-3 டீசல் எஞ்சினின் மாதிரியை வெளியிட்டது. அதில் ஊதலுக்குப் பதிலாக ஹோர்ண். றிலே அதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. ஆனால் அது திறந்துவிடுவது தண்டவாள மின்சாரத்தை அல்ல, எஞ்சினுக்குள் வைத்திருக்கும் ஒரு பெரிய ரோச்லைற் பற்றரியின் 1.5 வோல்ற்றை. அது ஒரு தகட்டை அதிரவைத்துச் சத்தம் எழுப்புகிறது.

இந்த உண்மையான எஃப்-3 எஞ்சின்களைக் கட்டியது ஜெனரல் மோட்டர்ஸ். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடா இலங்கைக்குக் கொடுத்த டீசல் எஞ்சின்களும் அதே நிறுவனத்தின் கனேடியத் தொழிற்சாலையில், ஒன்ராரியோவின் லண்டன் நகரில் செய்யப்பட்டவை. 'ஒன்ராரியோ', 'அல்பேர்ட்டா' என்று கனேடிய மாகாணங்களின் பெயர்களைப் பக்கத்தில் தாங்கி ஓடினவே, அவைதான். உள்ளே இருந்ததும் எஃப்-3இல் இருந்த அதே 567 வரிசை இயந்திரம். வடபாதை ரயிலில் ஏறி இறங்கிய தலைமுறை, கனடாவில் ஒரு கராஜ் சேலில் எஃப்-3ஐக் கண்டு நின்று பார்ப்பதில் வியப்பில்லை.

இந்த எஞ்சின்களின் முதல் எதிரி மறந்துபோன பற்றரி. யாரோ பல வருடங்களுக்கு முன்னர் வைத்த பற்றரி கசிந்து, பிடிப்பானையும் அடித்தகட்டையும் தின்றிருக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு சுத்தப்படுத்துங்கள். கசிந்தது அல்கலைன் பற்றரி என்றால் அது காரம், வினாகிரியால் துடைக்கவேண்டும். பழைய நாக-காபன் பற்றரி என்றால் அது அமிலத்தன்மை உள்ளது, அப்பச்சோடாக் கரைசலால் துடைக்கவேண்டும். பிறகு இரண்டையும் ஈரத் துணியால் துடைத்து, அற்ககோல் தொட்டு, முழுமையாக உலரவிடுங்கள். பிடிப்பானில் பளபளப்பான உலோகம் தெரியும்வரை சுரண்டினால்தான் மின்சாரம் போகும்.

ஹோர்ணில் 'டிக்' என்று ஒருமுறை மட்டும் கேட்டு நின்றால், அதன் சரிசெய்யும் திருகை மிகச் சிறிதாக, கால் சுற்றுக்கும் குறைவாக, திருப்பித் திருப்பிப் பாருங்கள். சத்தம் தெளிவாக வரும் இடத்தில் விட்டுவிடுங்கள். ஓடவிட்டு முடிந்ததும் பற்றரியை வெளியே எடுத்துவிடுங்கள். வேறெதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

மின்னணுச் சத்தம் உள்ளவை

1980களின் இறுதிக்குப் பின்வந்த எஞ்சின்களில் உண்மையான ரயில்களிலிருந்து பதிவு செய்த சத்தம் சில்லுகளில் வைக்கப்பட்டு, ஒலிபெருக்கியால் வருகிறது. இவற்றையும் இப்போது சிலர் பழைய ரயில் என்று தருகிறார்கள். இங்கேயும் வரிசை மாறாது. முதலில் மின்மாற்றியின் பிடி. அடுத்து, மின்சாரம் விட்டுவிட்டு வரும்போது சத்தம் அறாமல் இருக்க வைக்கும் 9 வோல்ற் பற்றரி. அதன்பின் ஒலிபெருக்கி. அதன் கடதாசிக் கூம்பு கிழிந்தால் சத்தம் கரகரக்கும். அதே அளவும் அதே ஓம் தடையும் உள்ள ஒலிபெருக்கி போட்டால் போதும். மின்சுற்றுப் பலகையில் தலை வீங்கிய கொள்ளளவி இருந்தால் அதை மாற்றலாம். சில்லு பழுதென்றால் வீட்டில் செய்யக்கூடியது அதிகமில்லை.

பழையதைக் கழற்றிப் புதியதைப் போடலாமா?

பழைய ஊதலைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் புதிய மின்னணுச் சத்தத்தைப் பூட்டலாம் என்று ஆலோசனை சொல்வோர் உண்டு. அது சுலபம், சத்தமும் தெளிவாக இருக்கும். உங்களுடைய சொந்த ரயிலென்றால் உங்கள் விருப்பம். ஆனால் வேறொருவர் நம்பித் தந்ததென்றால் முதலில் அவரைக் கேளுங்கள். காற்றால் எழும் அந்த ஊதல், கொஞ்சம் தடுமாறி, ஏறி, நிற்கும்போது சரிந்து இறங்கும். அந்தத் தடுமாற்றம்தான் அவர் சிறுவயதில் கேட்டது. மாற்றியே ஆகவேண்டுமென்றால், கழற்றிய பாகங்களை ஒரு பைக்குள் போட்டு, எதிலிருந்து எடுத்ததென்று எழுதி, ரயிலின் பெட்டியிலேயே வையுங்கள். பின்னால் வருபவர் ஒருநாள் திரும்பப் பூட்ட விரும்பலாம்.

அயலவருடைய ரயிலை நான் திருப்பிக் கொண்டுபோனபோது, மின்மாற்றியின் சீராக்கியை மின்வேலை தெரிந்த நண்பர் ஒருவர் மாற்றித் தந்திருந்தார். கம்பியை அறுத்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிடியைத் தானே தள்ளி ஊதவிட்டார், பிறகு பேத்தியைக் கூப்பிட்டு அவளிடம் பிடியைக் கொடுத்தார். பாதியில் நிறுத்தாமல் முழுவதும் தள்ளவேண்டும் என்பதை அவளுக்கு அவரே சொல்லிக் கொடுத்தார்.

திருத்தி முடித்தபின் ஒரு சிறிய வேலை இருக்கிறது. என்ன பழுது இருந்தது, எதை மாற்றினீர்கள், எந்த மின்மாற்றியில் ஓடவிட்டீர்கள், கடைசியாக எப்போது எண்ணெய் விட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். யார் வாங்கியது, யாருக்காக வாங்கியது என்பது தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அடுத்ததாக அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு இவை இரண்டுமே தேவைப்படும்.